கனமான உறைக்குத் தண்டால்

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பி லூசியனுக்கு,

அக்கா நொயெல்லா எழுதுகிறேன். அப்பா, நான், நாய் பிஜூ மூவரும் இருக்கிற நிலைமைக்கு நலம். நீ அங்கே கை கால் முழுசாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்த அன்று நீ பேசிய அரை நிமிடப் பேச்சு, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்த மாதிரி இருந்தது. வந்து சேர்ந்துவிட்டாய், தின்பண்டம் அனுப்பக் கூடாது, விலாசம் தபாலில் வரும். அவ்வளவுதான். போன் அணைந்த பிறகும் அப்பா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நீ பேசியது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. உனக்குப் பின்னால் ஒருவன் கத்தியதுதான் கேட்டிருக்கிறது. "யாரு அந்தாளு, நாய வெரட்டுற மாதிரி கத்துறான்?" என்றார். பயிற்சி கொடுக்கிற சார்ஜன்ட் என்றேன். "அப்ப நம்ம கெழங்கு ஷெட்டு மேஸ்திரியே தேவல" என்று சொல்லிவிட்டுப் பீன்ஸ் தட்டை இழுத்துக்கொண்டார்.

ஆள் சேர்க்கிறவன் கொடுத்த ஸ்டிக்கரை அப்பா வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டார். 'படைவீரனின் தந்தை'. இடது கையால் ஒட்டியதால் கோணலாக இருக்கிறது. நான் நேராக்க வந்தபோது விடவில்லை. பெட்ரோல் போடுகிற இடத்தில், சர்ச்சில், மருந்துக் கடையில், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும், "காலேஜுல எடம் குடுத்தாங்க, எம் பையன்தான் வேணாம்னுட்டு பட்டாளத்துக்குப் போய்ட்டான்" என்கிறார். அவரிடம் எதையும் சொல்ல மாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்குக்காக நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் நாக்கு அரிக்கிறது.

எனக்கு உன்னைப் போல விட்டுத்தள்ளத் தெரியாது. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். விடுதி அறை எண் இன்னும் வரவில்லையே என்று கேட்கத்தானே நீ அன்று கல்லூரிக்குப் போன் செய்தாய்? உங்கள் பெயரே எங்களிடம் இல்லையே என்று அந்தப் பெண் சொன்னபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உன் முதுகைத்தான் பார்த்தேன். அது போதுமாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் வந்த தபாலை நீ அடுப்பில் போட்டாய், எரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதிதான் எரிந்தது. டிசம்பரில் இடம் கொடுத்தபோது கொடியும் படப் புத்தகமுமாக உறை கிழிகிற அளவுக்கு அனுப்பினார்கள். பறித்துக்கொள்ள ஒரே ஒரு தாள். வசந்தகாலப் பருவத்தின் மதிப்பெண்கள் எதிர்பார்த்தபடி இல்லை, ஆகவே அனுமதி திரும்பப் பெறப்படுகிறது. அதே வாரத்தில் நீ, கடைத்தெருவில் அழுகல் பழ ரேக்குக்குப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் போய்க் கையெழுத்துப் போட்டாய்.

அந்தத் தாளில் நீ கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. 'முன்பு நாங்கள் கேட்டிருந்த விளக்கம் தங்களிடமிருந்து வராததால்' என்று. எப்போது கேட்டார்கள்? வீட்டுக்கு எதுவும் வரவில்லை. போன வருடம் பூராவும் எந்தெந்தக் கல்லூரியிலிருந்தோ பளபளவென்று வந்து குவிந்ததையெல்லாம் நான்தான் குப்பையில் போட்டேன். அதோடு சேர்த்துப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு உறைத்தது. விண்ணப்பத்தில் நீ கொடுத்தது பள்ளிக்கூடத்து மின்னஞ்சல் முகவரி. பட்டமளிப்பு முடிந்ததும் பழைய மாணவர்களின் முகவரியையெல்லாம் பள்ளிக்கூடம் மூடிவிடும்.

இந்த மாத நடுவில் பள்ளி திறக்கிறது. போய்க் கேட்கப் போகிறேன். கோபப்படாதே. கோபப்பட்டாலும் மிசௌரி முகாமிலிருந்து உன்னால் என்னை என்ன செய்ய முடியும்?

அப்பாவின் கை அப்படியேதான். மிச்சமிருக்கிற மூன்று விரலில் இரண்டு மடங்கவில்லை. பெருவிரல் மட்டும் அசைகிறது. உறைக்குள் சாக்லேட் வைத்திருக்கிறேன், தின்பண்டம் கூடாது என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை.

பத்திரமாக இரு.

உன் அக்கா,
நொயெல்லா


ஆகஸ்ட் 21

அன்புள்ள லூசியனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் வைத்த சாக்லேட்டுக்காக உன்னைத் தண்டால் எடுக்க வைத்தார்கள் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாகப் போயிற்று. கனமான உறை வந்தால் உடைமாற்றும் அறை நடுவில் எல்லாரும் பார்க்கத் தண்டால், மெல்லிய உறை வந்தால் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். இது மெல்லிய உறைதான். உன்னை அங்கே எல்லாரும் நம் குடும்பப் பெயரைச் சொல்லி மிஷோ என்றுதான் கூப்பிடுகிறார்களாமே. அப்பாவிடம் சொன்னேன். "அது என் பேரு, அவன் பேரு இல்ல" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மேல்படிப்புக்கு வழி சொல்கிற ஆலோசகர் திருமதி டூபேயைத் தெரியுமல்லவா, செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறவர். முதியோர் இல்லத்தில் காலை வேலையை மாற்றிக்கொண்டு போனேன். அவரைத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அந்த அம்மாள் மதியச் சாப்பாட்டைக் கோப்புகளின் மேல் வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மூணு பள்ளிக்கூடம், நான் ஒருத்தி. உன் தம்பிக்கு எடம் கெடச்சதும் அவன் கோப்ப மூடிட்டேன் நொயெல்லா. கெடைக்காத பிள்ளைங்களத்தான் அதுக்கப்புறம் பார்த்தேன்" என்றார். என்னால் திட்ட முடியவில்லை.

கணினி பார்க்கிற ஆளைக் கூப்பிட்டு உன் முகவரியைத் திறக்கச் சொன்னார். கல்லூரியிலிருந்து இரண்டு அஞ்சல். இரண்டுமே முகவரியை மூடிய பிறகு வந்தவை. பெட்டி மூடியிருந்தாலும் உள்ளே வந்து விழுந்துகொண்டுதான் இருக்குமாம், எடுக்கத்தான் ஆள் இருக்காது. முதல் அஞ்சலில் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார்கள். நுண்கணிதத்திலும் இயற்பியலிலும் உங்கள் மதிப்பெண் வெகுவாக இறங்கியிருக்கிறது, ஏதாவது நேர்ந்ததா, இரண்டு வாரத்துக்குள் எழுதுங்கள் என்று. ஏதாவது நேர்ந்ததா என்று கேட்டிருக்கிறார்கள், லூசியன். இந்த ஊரில் ஒருவரும் உன்னைக் கேட்காத கேள்வி. நானும் கேட்கவில்லை, எனக்குத்தான் தெரியுமே.

இன்னொன்றும் பார்த்தேன். வகுப்பு ஆசிரியர் உன்னைப் பற்றி எழுதிய குறிப்பு: 'காலை வகுப்பில் தூங்குகிறான். கடைசி வருடத்துச் சோம்பல்.' இடம் கிடைத்துவிட்டது, இனி எதற்குப் படிக்க வேண்டும் என்று ஆட்டம் போடுகிற பிள்ளைகளுக்குச் சொல்கிற வார்த்தை அது. ஜனவரியில் ஷெட்டில் கிழங்கு ஓடுகிற பெல்ட்டில் அப்பாவின் கை மாட்டியதிலிருந்து, பள்ளி விட்டதும் அவர் வேலைக்கு நீ போனாய். தான் குடியிருக்கக் கொடுத்த வீட்டிலிருந்து ஒரு ஆள் ஷெட்டில் நிற்கிறவரை வீடு உங்களுக்கு என்று முதலாளி ஹாஸ்கெல் சொன்னார், ஊரே அவரைப் பெரிய மனசுக்காரர் என்றது. பத்து மணி வரைக்கும் மூட்டை ஏற்றிவிட்டு வந்து, கிழங்கு வாடையோடு புத்தகத்தின் மேல் விழுந்து தூங்குவாய். அதற்குப் பெயர் சோம்பல்.

டூபேயின் மேசையிலிருந்தே கல்லூரிக்குப் போன் செய்தேன். மாணவரோடு மட்டும்தான் பேச முடியும், அதுதான் சட்டம் என்றாள் ஒருத்தி. அவன் ராணுவப் பயிற்சியில் இருக்கிறான், போன் கொடுக்க மாட்டார்கள் என்றேன். எப்போதாவது கொடுப்பார்களே என்றாள். ஞாயிற்றுக்கிழமை சில நிமிடம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாதே என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவர்கள் எதையும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

டூபே போனைப் பிடுங்கிக்கொண்டார். அந்த அம்மாளுக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வேறு ஒருவரிடம் மாற்றினார்கள். அவர் சொன்னது இதுதான்: ஜனவரியில் சேருகிறவர்களுக்கான குழு அக்டோபர் பதினைந்தாம் தேதி கூடுகிறது. அதற்குள் மாணவனே கையால் எழுதின விளக்கம் வந்து சேர்ந்தால் மறுபடி பார்ப்போம். அக்கா எழுதினால் செல்லாது, ஆலோசகர் மட்டும் எழுதினாலும் செல்லாது, அவன் எழுத வேண்டும்.

உன் பயிற்சி டிசம்பரில் முடிகிறது. நீ சேர்ந்தது பகுதிநேரக் காவல் படைதானே, மாதத்தில் ஒரு வாரக்கடைசி போய்வந்தால் போதும். ஜனவரியில் கல்லூரிக்குப் போகலாம். கதவு முழுக்க மூடவில்லை. இரண்டு பக்கம் எழுது, போதும். விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவிடவும் மாட்டேன்.

உன் அக்கா,
நொயெல்லா


செப்டம்பர் 9

அன்புள்ள லூசியனுக்கு,

இங்கே இரவில் பனி விழ ஆரம்பித்துவிட்டது. கிழங்கு தோண்ட வசதியாகச் செடிகளுக்கு மருந்து அடித்துத் தழையைக் கருக்கிவிட்டார்கள். வயல் பழுப்பாகக் கிடக்கிறது. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு அறுவடை விடுமுறை விடுகிறார்கள். நம் வீட்டுப் பக்கத்து வயலோரத்தில் ஒரு பெண் மூஸ் மான் வந்து நிற்கிறது. பிஜூ குரைத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உன் கடிதம் வந்தது. நான்கே வரி. 'விடு அக்கா. அப்பாவின் கையை எழுதிக்காட்டி இடம் கேட்க மாட்டேன். இங்கே ஓடச் சொன்னால் ஓடுகிறேன், நிற்கச் சொன்னால் நிற்கிறேன், தலை லேசாக இருக்கிறது. முழுநேரப் படைக்கு மாறலாம் என்று சார்ஜன்ட் சொல்கிறார்.'

அப்பாவின் கையை எழுதிக்காட்ட நீ வெட்கப்படுகிறாய். நல்லது. அதை ஏற்கெனவே வேறு ஒருத்தி எழுதிக்காட்டிவிட்டாள். சொல்கிறேன், உட்கார்ந்து படி.

ஆகஸ்ட் கடைசியில் பெட்ரோல் போடுகிற இடத்தில் பிரென்னா ஹாஸ்கெலைப் பார்த்தேன். வண்டி நிறையத் தலையணை, விளக்கு, சின்ன ஃப்ரிட்ஜ். உன் கல்லூரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணெல்லாம் கலங்கி, "லூசியனும் வருவான்னுல்ல நெனச்சேன்! அந்த மெயில் அவனுக்கும் வந்துச்சாமே? எனக்கும் வந்துச்சு. நான் ரெண்டு பாடத்துல டி கிரேடு" என்றாள். போன வசந்தத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் பனிச்சறுக்குக்குப் போனவள் அவள். அவளுக்கும் 'கடைசி வருடத்துச் சோம்பல்' என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் போர்ட்லண்டில் அவள் அப்பா காசு கொடுத்து வைத்திருக்கிற ஆலோசகர், பள்ளிக்கூட முகவரியைக் கொடுக்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். அஞ்சல் வந்த அன்றே அந்த ஆலோசகரோடு உட்கார்ந்து பதில் எழுதியாயிற்று.

என்ன எழுதினாய் என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன், லூசியன்.

"ஒங்கப்பாவுக்கு அடிபட்டத எழுதினேன். எங்க ஷெட்டுல, எங்க ஆளு ஒருத்தருக்கு அப்டி ஆனதுல என்னால படிக்கவே முடியலன்னு. அது நெசந்தானே நொயெல்லா, நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

விபத்து நடந்த அன்று அவள் பனிச்சறுக்கு மலையில் இருந்தாள். அழுதிருப்பாள், இல்லை என்று சொல்லவில்லை. அவள் அப்பா பெல்ட் வேகமாக ஓட வேண்டும் என்று கழற்றிப் போட்ட பாதுகாப்புத் தகட்டு மூடியைப் பற்றி எழுதினாளா என்று கேட்க வாயெடுத்தேன். எந்த மூடி என்று கேட்டிருப்பாள். அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கிறதுக்குத்தான் அவர்கள் அவ்வளவு பெரிய வீட்டில் இருக்கிறார்கள்.

ஆக, அப்பாவின் இரண்டு விரல் போனதற்கு ஒரு பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பிள்ளைதான் வேறு.

நான் இதைச் சொல்வது உன்னை எரிய வைக்க. தலை லேசாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை. ஓடு என்றால் ஓடுகிற, நில் என்றால் நிற்கிற ஆளை நான் வளர்க்கவில்லை. அம்மா போன பிறகு உனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது நான், மூன்றாம் மாதத்தில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

வீட்டைப் பற்றி: ஹாஸ்கெல் வந்து போனார். வாசலிலேயே நின்று, அறுவடைக்கு வெளியாட்கள் வருகிறார்கள், அவர்களைத் தங்க வைக்க இடம் வேண்டும், இந்த வீட்டிலிருந்து இப்போது யாரும் ஷெட்டுக்கு வருவதில்லையே என்றார். அப்பா தொப்பியைக் கழற்றி அடிபட்ட கையில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நீ ஒன்றும் கவலைப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் நாள் இருக்கிறது. இந்தத் தடவை உறைக்குள் இன்னொரு உறையை மடித்து வைத்திருக்கிறேன், தபால்தலையோடு. கொஞ்சம் கனம்தான். ஒன்றிரண்டு தண்டாலோடு விட்டுவிடுவார்கள்.

உன் அக்கா,
நொயெல்லா


செப்டம்பர் 28

அன்புள்ள லூசியனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ எப்படியும் நலம் என்றுதான் எழுதுவாய்.

உன் பதிலைப் படித்தேன். நான் அனுப்பின உறையிலேயே, கல்லூரி விலாசத்தை அடித்து நம் விலாசத்தை எழுதி அனுப்பியிருக்கிறாய். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரே ஊர், ஒரே ஷெட், ஒரே விபத்து. பிரென்னாவின் கடிதத்தைப் படித்த அதே ஆட்கள் உன்னுடையதையும் படிப்பார்கள். யார் யாரைப் பார்த்து எழுதினது என்று நினைப்பார்கள்? 'அவள் முதலில் சொல்லிவிட்டாள், இனி நான் சொன்னால் அது பொய் மாதிரி இருக்கும்' என்று எழுதியிருக்கிறாய். டூபேயிடம் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உன் கோப்பை மறுபடி திறந்தார்.

நான் யோசித்துச் சொல்கிறேன், கேள். விபத்தைப் பற்றி எழுதாதே. அது நடந்தபோது நீயும் அங்கே இல்லை. அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்று எழுது. எத்தனை மணிக்கு ஷெட்டுக்குப் போவாய், எந்த லாரியில் எவ்வளவு ஏற்றுவாய், வீடு திரும்பும்போது வண்டியின் சூடேற்றி வேலை செய்யாத குளிரிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூக்கத்தை விரட்டுவாயே, அதை எழுது. காலையில் முதல் பாடமே நுண்கணிதம் என்று எழுது. பிரென்னாவால் அதை எழுத முடியாது. எந்த ஆலோசகராலும் அவளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

இன்னொன்று. உன்னிடம் மறைக்க முடியாது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

நான் சொல்லவில்லை, சத்தியம். போன சனிக்கிழமை சர்ச் அடித்தளத்தில் பீன்ஸ் விருந்து. அறுவடை நேரத்து விருந்து, முதலாளி வேலைக்காரர் எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவார்களே, வருடத்தில் அந்த ஒரு நாள். அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார், காலேஜ் கூப்பிட்டும் எம் பையன் போகல என்று. எதிரில் ஹாஸ்கெல். அவர் மனசில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். கையை நீட்டி அப்பா தோளைத் தட்டி, "விடு அர்மான், எல்லாரும் படிக்கிறதுக்குன்னா பொறந்திருக்கோம்? மார்க்கு கொறஞ்சா எடத்தப் புடுங்கத்தான் செய்வாங்க. எம் பொண்ணுக்கே புடுங்கப் பார்த்தாங்க, அவ எப்டியோ எழுதிச் சமாளிச்சுட்டா. ஒன் பையன் எழுதாம விட்டுட்டான்" என்றார்.

மேசையில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, லூசியன். இத்தனை நாளும் அப்பா சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்த எல்லாருக்கும்.

அப்பா எழுந்தார். ரொட்டியைத் தட்டில் வைத்து, தட்டைக் கொண்டுபோய்க் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு, வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். வீடு வந்ததும், டூபே அச்செடுத்துக் கொடுத்திருந்த அந்த அஞ்சல்களை வாசிக்கச் சொன்னார். அவருக்குப் புரிகிற பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். மறுபடி வாசி என்றார். 'ஏதாவது நேர்ந்ததா' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மார்ச்சுல ஒருநா அவனக் கேட்டேன், படிப்பு எப்டிப்பா போகுதுன்னு. நல்லா போகுதுப்பான்னான். நானும் நம்பிட்டேன்." பிறகு, "நம்புறது எனக்கு வசதியா இருந்துச்சு" என்றார்.

கண்ணாடியில் இருக்கிற ஸ்டிக்கரைச் சுரண்டிவிடுவாரோ என்று பயந்தேன். இல்லை. மறுநாள் வெந்நீர் விட்டு உரித்து எடுத்து, நேராக ஒட்டினார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதே. ஆனால் இப்போது யாரிடமும் அந்தப் பேச்சைப் பேசுவதில்லை. பெட்ரோல் போடும் இடத்தில் கேட்டாலும், "பயிற்சியில இருக்கான்" என்பதோடு சரி.

வீடு நம்மிடம்தான் இருக்கிறது. அது பேசி முடிந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் என்னிடம் இருந்த வேலை நேரத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜனவரியில் செவிலியர் வகுப்பில் சேருவதாக இருந்தேனே, அந்த வகுப்பு அடுத்த வருடமும் நடக்கும். கதவுக்குப் பின்னால் நீ மாட்டிவைத்துவிட்டுப் போன கையுறை எனக்குக் கொஞ்சம் பெரிது, உள்ளே இன்னொரு கம்பளி உறை போட்டால் சரியாகிவிடுகிறது. தாளில் மண் கறை இருந்தால் மன்னித்துக்கொள். எத்தனை தடவை கழுவினாலும் நக இடுக்கில் கொஞ்சம் நின்றுவிடுகிறது. உனக்குத் தெரியும். தகட்டு மூடி இன்னும் ஷெட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. வேலைக்குப் போன முதல் நாளே நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் மேஸ்திரி முன்னால் போட்டேன். "அக்காளும் தம்பி மாதிரியேதான்" என்று சிரித்தார்கள். நீயும் போட்டிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதையும் அந்தக் கடிதத்தில் எழுது.

முழுநேரப் படைக்கு மாறுகிற தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதே. உனக்கு அது பிடித்திருக்கிறது என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் வெட்கத்துக்காகப் போடாதே. வெட்கப்பட வேண்டியவர்கள் இங்கே நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்.

இந்த உறை கனமாகத்தான் வரும். உள்ளே வெள்ளைத் தாள் நிறைய வைத்திருக்கிறேன், நீ அடித்து அடித்து எழுதுகிறவன். டூபேயும் தன் கைப்பட ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதையும் சேர்த்து அனுப்பு. தபால்தலை ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அதன் மேலே இருக்கிற எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை கிறுக்கியது என்று நினைத்துவிடாதே. கல்லூரி விலாசம் அது. அப்பா எழுதினார், இடது கையால். நான் எழுதித் தருகிறேன் என்றேன், காதில் வாங்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, வாங்கி வைத்திருந்த உறைகளையெல்லாம் கெடுத்து, கடைசியாக மிஞ்சின உறையில் சரியாக எழுதினார். ஊர்ப்பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. போய்ச் சேர்ந்துவிடும். நீ அதைத் திருத்தாதே. அடித்து நம் விலாசத்தை எழுதவும் செய்யாதே.

கன்னி மரியாள் உன்னைக் காக்கட்டும் என்று அப்பா எழுதச் சொன்னார். காப்பாள். ஆனால் உனக்குப் பதிலாக அவள் கடிதம் எழுத மாட்டாள்.

எத்தனை தண்டால் கேட்டாலும் எடு. எடுத்து முடித்து, மூச்சு வாங்கி, அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எழுது. எங்களுக்கு வேண்டாம் தம்பி. எங்களுக்கு நீ செய்ததெல்லாம் போதும். அவர்களுக்கு எழுது.

உன் அக்கா,
நொயெல்லா